பிறந்த பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்: தடுப்பு ஏன் தாய்கிட்ட ஆரம்பிக்குது?

இன்னைக்கு எபிசோட் பன்றிக்குட்டிகளோட வயித்தைப் பத்தி. சாஃப்ட்வேர் எழுதுறவனுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கலாம். இந்த நோய் நடக்குற விதம் நாங்க தினம் பாக்குற 'பிளக்-இன்' மாதிரியே இருக்கு. அதான் எடுத்துக்கிட்டேன்.

பிறந்த சில நாளுக்குள்ள குட்டிக்குத் தண்ணியா கழிச்சல் போகும். ஒண்ணரைக் கிலோ உடம்பு. தண்ணிச்சத்து போச்சுன்னா ஒரே நாள்ல செத்துடலாம். காரணங்கள் பல. அதுல முக்கியமானது ஈ.கோலை பாக்டீரியா.

ஈ.கோலை நம்ம குடல்லயும் இருக்கு, பெரும்பாலும் சாது. அப்போ கொல்றது எது? 1971-ல இங்கிலாந்துல வில்லியம்ஸ் ஸ்மித், லிங்குட் ரெண்டு பேரும் இதைப் பிரிச்சுக் காட்டினாங்க. பாக்டீரியாவோட முக்கிய டி.என்.ஏ. போக, பிளாஸ்மிட்னு சின்ன வட்டத் துண்டுகளும் உள்ளே இருக்கும். ஒரு பிளாஸ்மிட் நச்சைத் தயாரிக்கும். இன்னொண்ணு 'கே88'ங்கிற மெல்லிய இழைகளைப் பாக்டீரியா மேல முளைக்க வைக்கும். ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டாலும் கிருமியோட வீரியம் விழுந்துடுச்சு.

இழை எதுக்கு? சிறுகுடல் உள்ளே இருக்குறதைக் கீழே தள்ளிக்கிட்டே இருக்கும். பிடிமானம் இல்லாத கிருமி அடிச்சுட்டுப் போயிடும். கே88 இருந்தா குடல் செல்லைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நச்சை விடும். அந்த நச்சு செல்லைக் கொல்லாம, அதோட சிக்னலைக் குழப்பி உப்பையும் தண்ணியையும் வெளியே கொட்ட வைக்கும். காலராவும் கிட்டத்தட்ட இதே வழிதான். செல் உயிரோட இருக்குறதாலதான் குளுக்கோஸ், உப்பு கலந்த கரைசல் குட்டிக்கும் உதவுது.

அப்போ கிருமியைக் கொல்லணும்னு இல்ல, பிடியைக் கெடுத்தாலே போதும். 1973-ல ரட்டரும் ஜோன்ஸும் தாய்ப்பன்றிக்குக் கே88-ஐயே தடுப்பூசியா போட்டு, குட்டிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்குறதைக் காட்டினாங்க.

ஏன் தாய்க்கு? மனுஷக் குழந்தைக்குக் கருவிலேயே அம்மாவோட ஆன்டிபாடி வந்துடும். பன்றியோட நஞ்சுக்கொடி அதை விடாது. குட்டி வெறுங்கையோட பிறக்குது. எல்லாம் சீம்பால்லதான். அந்த ஆன்டிபாடியை முழுசா ரத்தத்துக்குள்ள விடுற கதவு ஒரு நாள், ஒண்ணரை நாள்ல மூடிடும். அதுக்கப்புறம் பால்ல வர்றது குடலுக்குள்ளேயே நின்னு, இழையை மூடிக் காவல் காக்கும்.

இப்போ ஒரு திருப்பம். 1975-ல செல்வுட்டும் கூட இருந்தவங்களும் சில பன்றிகளோட குடல்ல கே88 ஒட்டவே இல்லைன்னு கண்டாங்க. இழை பிடிக்குற ஏற்பி அதுங்ககிட்ட இல்ல. பரம்பரைக் குணம். அந்த மாதிரிப் பன்றியைத் தாயா வச்சா பிரச்சினை தீர்ந்துடுமா?

தாய்க்கு ஏற்பி இல்ல, தந்தைக்கு இருக்குன்னு வச்சுக்குங்க. அது ஓங்கு பண்பு, குட்டிக்கு வந்துடலாம். தாயோட குடல்ல இந்தக் கிருமி ஒட்டினதே இல்ல. அதனால அதை எதிர்க்குற ஆன்டிபாடி செய்ய அந்த உடம்பு கத்துக்கல. சீம்பால் நிறைய சுரந்தாலும் அதுல இந்தக் கிருமிக்கான ஆயுதம் இருக்காது. நோயே அண்டாத தாயோட குட்டிங்கதான் அதிக ஆபத்துல இருக்கு! ஊசி வழியா கே88-ஐக் காட்டும்போது குடல் ஏற்பி தேவைப்படாது.

'ஆன்டிபயாடிக் போட்டா முடிஞ்சுதே?'ன்னு தோணும். பிளாஸ்மிட் ஒரு கிருமியிலிருந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடியது. மருந்தை எதிர்க்குற ஜீனும் அதே வண்டியில ஏறிக்கும். கொலிஸ்டின், மனுஷங்களுக்கே வேற எதுவும் கேக்காதப்போ குடுக்குற மருந்து. அதை எதிர்க்குற எம்.சி.ஆர்-1 ஜீன் சீனாவுல ஒரு பன்றியோட ஈ.கோலைக்குள்ள, பிளாஸ்மிட்லயே இருந்துச்சுன்னு 2015-ல தெரிய வந்துச்சு. 2019-ல இந்தியா, உணவுக்காக வளர்க்குற விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செஞ்சுது.

அதனால வரிசை இதுதான்: குட்டி போடுறதுக்கு முன்னாடி தாய்க்குத் தடுப்பூசி, பிறந்த உடனே சீம்பால், காய்ஞ்ச கதகதப்பான தரை. குளிர்ல நடுங்குற குட்டி பால் குடிக்காது. பன்றி வளர்க்குறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, தடுப்பூசி போடுற நாளை உங்க கால்நடை மருத்துவர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.