ஆபத்து வேளையில் ஆகாயத்திலிருந்து தப்புதல்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் எழுவர் பறந்தனர். அவர்களுள் வால் துப்பாக்கி வீரரின் நிலை தனிப்பட்டது. விமானத்தின் கடைக்கோடியில், சுழலும் சிறு கூண்டொன்றினுள் அவர் அமர்ந்திருப்பார். பாரசூட்டை மார்பில் அணிந்திருக்க அங்கு இடம் போதாது. ஆகையால் அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் வைக்கப்பட்டிருந்தது.

தப்பும் முறை

குதிக்கும்படி விமானி கட்டளையிட்டதும், வீரர் முதலில் கூண்டை நேராகத் திருப்பவேண்டும். அப்பொழுதுதான் அவருடைய முதுகுப்புறக் கதவு விமானத்தின் உட்பகுதியை நோக்கி நிற்கும். கதவைத் திறந்து, கை நீட்டிப் பாரசூட்டை எடுத்து, மார்புக் கச்சையின் கொக்கிகளில் மாட்டவேண்டும். பின்னர்க் கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினால், அதே கதவு வெட்டவெளியை நோக்கும். அதன் வழியே மல்லாந்து விழவேண்டும். கூண்டைச் சுழற்றிய எண்ணெய் அழுத்தம் விமான என்ஜினிலிருந்து கிடைத்தது. அது தடைப்படின் கையாலேயே சுற்ற நேரும். எரியும் விமானத்தில் இத்தனைக்கும் அவகாசம் ஏது?

1944 மார்ச் 24 இரவு, நிக்கலஸ் ஆல்கமேட் என்னும் வீரர் கதவைத் திறந்தபோது அவருடைய பாரசூட்டே எரிந்துகொண்டிருந்தது. சுமார் 18,000 அடி உயரத்திலிருந்து அது இன்றியே குதித்தார். மரக்கிளைகளும் வெண்பனியும் தாங்கியதால் உயிர் பிழைத்தார். இதை அதிருஷ்டம் எனலாம். தப்பும் முறை எனல் ஆகாது.

யந்திரத்தின் பொறுப்பு

ஆபத்தின் வேகம் மனிதக் கையின் வேகத்தை மிஞ்சும்போது, தப்புவிக்கும் வேலையை யந்திரமே ஏற்கவேண்டும். விமானியை இருக்கையோடு வெளியே எறியும் ஏற்பாடு இவ்வாறு பிறந்ததே. விண்வெளிப் பயணத்திற்கோ அதனினும் விரைவு தேவை.

திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ககன்யான் திட்டத்திற்கென இத்தகைய தப்பிக்கும் அமைப்பை உருவாக்கியுள்ளது. ராக்கெட்டின் உச்சியில், வீரர் கலத்தோடு இணைந்து சிறு ராக்கெட்டுகள் சில பொருத்தப்படுகின்றன. கீழே பழுது நேரின், இவை கலத்தை முழுதாகப் பெயர்த்து அப்பால் இழுத்துச் செல்லும். இவற்றில் திட எரிபொருளே பயன்படுகிறது. பம்புகள் இயங்கி எரிபொருளைச் செலுத்தும்வரை காத்திராமல், பற்றவைத்த உடனேயே அது முழு விசையையும் தருவதே காரணம்.

2018 ஜூலை 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்திலிருந்தே தப்பும் சோதனை நடைபெற்றது; அது 259 வினாடிகளில் முடிவுற்றது. 2023 அக்டோபர் 21-இல், ஆளில்லாக் கலமொன்று, ஏறிக்கொண்டிருந்த சோதனை ராக்கெட்டிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் பிரிக்கப்பட்டது. அது பாரசூட்டுகளின் துணையால் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது.

கலத்தின் பெரிய பாரசூட்டுகள் மூன்று. அவற்றுள் இரண்டு விரிந்தாலே போதும். ஒன்றையே நம்பி, அதையும் கைக்கெட்டாத இடத்தில் வைத்துப் பறந்த அந்நாளைய வீரர்களை நினைப்போர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை நன்கு விளங்கும்.