விரைந்து தோன்றாத சொற்பட்டியல்

சொல்லின் முதலெழுத்துக்கள் சிலவற்றைத் தட்டியதும், பொருந்துஞ் சொற்களைப் பட்டியலாக்கித் தருவது கணினியின் நிரப்பற் கட்டளை. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்சுத் தொழினுட்பக் கழகத்தில் றிச்சாட் ஸ்ரோல்மன் முதலானோர் தொடக்கிய ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தி மரபில், இத்தகைய கட்டளையை லிஸ்ப் மொழி கற்ற மாணவன் தானே ஆக்கிக்கொள்ளலாம். ஆனால், நூறு சொற்களுக்குச் செவ்வனே இயங்கிய கட்டளை, இருபதினாயிரஞ் சொற்கள் சேர்ந்ததும் தடுமாறுதல் உண்டு. பட்டியலை எதிர்நோக்கிக் கை நிற்க, எழுதுவோனின் எண்ணத்தொடரும் அறுந்துவிடுகின்றது. இழப்பு நேரம் மாத்திரமன்று.

உடனே புதிய கணினி வாங்க எண்ணுதல் நோயறியாது மருந்துண்பதை ஒக்கும். கட்டளையின் தொழில் மூன்று: சொற்களைத் திரட்டல், இசைவனவற்றைத் தெரிதல், தெரிந்தவற்றைத் திரையில் இடுதல். தாமதம் எதன்கண் உளதென முதலில் அளத்தல் வேண்டும். ஈமாக்ஸிலேயே புரொபைலர் என்னும் அளவி அமைந்துள்ளது. அதனைத் தொடக்கி, கட்டளையைச் சிலமுறை இயக்கி, அறிக்கையைப் பெறின், எச்செயற்கூறு எத்தனை விழுக்காட்டு நேரத்தை உண்டது என்பது புலனாகும்.

திரட்டலிற் குறையாயின், விசையைத் தட்டுந்தோறும் கோப்பு மீளப் படிக்கப்படுகின்றதா என நோக்குக. ஒருமுறை படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் அக்குறை தீரும்.

திரையிடலிற் குறையாயின், இரு காரணங்களை ஆராய்க. ஒன்று, சொல்லின் பக்கத்தே வரும் குறிப்புரை. ஈமாக்ஸின் இயல்பான பட்டியற் சாளரம் பொருந்திய சொற்கள் அனைத்தையும் எழுதுவது. ஆதலின் ஆயிரஞ் சொல்லுக்கு ஆயிரங் குறிப்புரை தேடப்படும். மற்றொன்று, அத்துணை வரிகளையும் சாளரத்தில் இடும் சுமை. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த வெர்ட்டிகோ என்னும் துணைநிரல், வேறு கட்டளை இடாவிடத்துப் பத்து வரிகளையே காட்டி, அவற்றுக்கே குறிப்புரை தேடும். கண் காணாத வரிக்கு உழைப்பு வீண் என்பதே அதன் நுட்பம்.

அறிக்கையில் நினைவகத் துப்புரவுக்கு மிகுந்த நேரம் காணப்படின், அத்துப்புரவைத் தள்ளிவைத்தல் தற்காலிக ஆறுதலேயாம். ஒவ்வொரு தட்டலிலும் வீணே புதிய சொற்சரங்களை ஆக்கும் பகுதியைத் திருத்துவதே முறை.

இறுதியாக, மாணவர் மறவாதிருக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருகாலத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்தபின் மீண்டும் அளக்க. பல மாற்றங்களை ஒருங்கே செய்தவன் குறை நீங்கப்பெறினும், அது எதனால் நீங்கியது என்பதை அறியான். அதே குறை மீண்டும் வருங்கால் முன்போலவே திகைப்பான்.