தானாக நிற்காத எலும்புக்கூடு

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறதா? இருந்தால், அடுத்த முறை அதைச் சற்று உற்றுப் பாருங்கள். அது தானாக நிற்பதில்லை. மண்டையோட்டில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அல்லது ஓர் இரும்புத் தண்டு அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். மூட்டுகளைக் கம்பி கட்டி இணைத்திருப்பார்கள். தண்டையும் கம்பிகளையும் எடுத்துவிட்டால் எல்லாம் குவியலாகச் சரிந்துவிடும்.

வேடிக்கையாக இல்லையா? உடலைத் தாங்குவது எலும்புக்கூடு என்று படிக்கிறோம். அந்த எலும்புக்கூட்டையே இன்னொன்று தாங்க வேண்டியிருக்கிறதே! அப்படியானால் காலை வணக்கத்தின்போது அசையாமல் நிற்கும் உங்களைத் தாங்குவது எது?

சர்க்கஸ் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் கம்பம் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகளால்தான் நிமிர்ந்து நிற்கிறது. கம்பம் இல்லாவிட்டால் கயிறுகளால் பயனில்லை. கயிறுகள் இல்லாவிட்டால் கம்பம் சாய்ந்துவிடும். நம் உடலிலும் இதே ஏற்பாடுதான். வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. எலும்போடு எலும்பை உறுதியான நார்கள் பிணைக்கின்றன. தசைகள் கயிறுகளைப்போல் எல்லாப் பக்கமும் அளவாக இழுத்துப் பிடிக்கின்றன. பேருந்தில் உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை ஏன் தொங்குகிறது என்று இப்போது புரிகிறதா? கழுத்துத் தசைகள் தளர்ந்துவிட்டன. கயிறு நெகிழ்ந்தது, கம்பம் சாய்ந்தது!

சரி, கம்பம் எதனால் ஆனது? இதற்கு ஓர் எளிய சோதனை. சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் எலும்பு ரப்பர்போல் வளையும். அதிலிருந்த கால்சிய உப்புகளை வினிகரில் உள்ள அமிலம் கரைத்துவிட்டது. மீதியிருப்பது கொல்லாஜன் என்னும் புரத இழை. இதற்கு மாறாக, எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் இழை எரிந்துபோய் உப்புகள் மட்டும் எஞ்சும். அது தட்டினாலே பொடியாகிவிடும். கட்டடத்தில் சிமெண்டு கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வைப்பது ஏன்? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். கம்பி இழுவிசையைத் தாங்கும். எலும்பில் கான்கிரீட்டின் வேலையைச் செய்வது உப்பு. கம்பியின் வேலையைச் செய்வது கொல்லாஜன்.

ஆனால் கட்டடத் தூணுக்கும் எலும்புக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள நாம் 1866-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர், நெடுக்காக வெட்டிய தொடை எலும்பின் மேல்முனையைக் காட்டி விளக்கினார். அதன் உட்பகுதி கெட்டியாக இல்லை. கடற்பஞ்சுபோல் மெல்லிய எலும்புக் கீற்றுகள் பின்னிக் கிடந்தன. அதைப் பார்த்தவர்களில் கார்ல் குல்மன் என்ற பொறியியல் பேராசிரியரும் ஒருவர். பாலங்களிலும் பாரந்தூக்கிகளிலும் விசை எந்த வழியே பாய்கிறது என்று கோடுகள் வரைந்து கணக்கிடுவதில் அவர் வல்லவர். எலும்புக் கீற்றுகளைக் கண்டதும் வியந்துபோனார். வளைந்த பாரந்தூக்கி ஒன்றுக்கு அவர் வரைந்த விசைக்கோடுகளைப் போலவே அவை அமைந்திருந்தன! எங்கே பாரம் விழுகிறதோ அங்கே கீற்று. பாரம் இல்லாத இடத்தில் வெற்றிடம்.

பொறியாளர் படித்துச் செய்ததை எலும்பு எப்படிச் செய்தது? ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை சொன்னார். தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்றார் அவர். கணக்கின் நுட்பங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது.

எலும்பினுள் இருவகைச் செல்கள் ஓயாமல் உழைக்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைக்கும். மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டும். பெரியவர்களின் எலும்பில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே பாரம் அதிகமோ அங்கே கட்டும் வேலை மிகுதி. சிறுவயது முதல் டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடப் பருமனாக இருக்கும். மாறாக, பாரமே இல்லாத இடத்தில்? எடையற்ற நிலையில் பல மாதங்கள் தங்கிய விண்வெளி வீரர்களின் இடுப்பு எலும்புகள், மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம்வரை அடர்த்தியை இழந்தன. அதனால்தான் அவர்கள் அங்கே நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கென ஒதுக்குகிறார்கள்.

மாணவ நண்பர்களே, இதில் உங்களுக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. வாழ்நாளில் நாம் சேர்க்கக்கூடிய எலும்பில் ஏறக்குறைய 90 சதவீதம், பெண்களுக்கு 18 வயதிலும் ஆண்களுக்கு 20 வயதிலும் சேர்ந்துவிடுகிறது. அதன்பின் வரவு மிகச் சிறிது; நடுவயதுக்குமேல் செலவுதான். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்தச் செலவு வேகமாகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு "இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் முறிவது எது தெரியுமா? சூரிச்சில் குல்மன் கண்டு வியந்த அதே இடம்தான், தொடை எலும்பின் மேல்முனை! கீற்றுகள் மெலிந்து அறுந்துபோனதால் ஒரு சிறிய அடியைக்கூட அதனால் தாங்க முடியவில்லை.

அந்தக் கணக்கில் போட்டுவைக்கும் காலம் இது. கேழ்வரகு, பால், மோர், கீரை, முள்ளோடு தின்னும் சிறுமீன் ஆகியவை கால்சியம் தரும். தோலில் படும் வெயில், அந்தக் கால்சியத்தைக் குடல் ஏற்க உதவும் வைட்டமின் டி-யைத் தரும். ஆனால் சிமெண்டும் கம்பியும் வந்து இறங்கினால் மட்டும் கட்டடம் எழும்பிவிடாது. கட்டு என்று ஆணையிட ஒருவர் வேண்டும். அந்த ஆணை பாரம்தான். ஓடுங்கள், கயிறு தாண்டுங்கள், கபடி ஆடுங்கள், படியேறுங்கள். குறிப்பாக, மாணவிகள் வீட்டிலும் வகுப்பிலும் அடைந்து கிடக்காமல் விளையாட்டுத் திடலுக்கு வர வேண்டும்.

ஆய்வுக்கூடத்து எலும்புக்கூடு மாறாது. அதன் கட்டடவேலை முடிந்து வெகுகாலம் ஆயிற்று. உங்களுடையதில் வேலை இப்போதுதான் மும்முரமாக நடக்கிறது. மாலை மணி அடித்ததும் திடலுக்குப் புறப்படுங்கள்!