பச்சைப் புள்ளியில் எது கொலைகாரன்?

குட்டையில் குஞ்சு விட்டு முப்பது நாள்கூட ஆகியிருக்காது. இறால் தீவனம் எடுக்காது. குடல் காலியாகக் கிடக்கும்; கல்லீரல்-கணையம் வெளிறிச் சுருங்கிவிடும். பிறகு குட்டையின் அடியில் கொத்துக்கொத்தாகச் செத்துப் படியும். 2010ஐ ஒட்டிச் சீனாவில் தலைகாட்டிய இந்த நோய், வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி 2013இல் மெக்சிகோவையும் எட்டியது.

காரணம் பிடிபட்டதும் அதே ஆண்டில்தான். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியாவை அடையாளம் காட்டியது.

அங்கேதான் சிக்கல். கடலிலும் கழிமுகத்திலும் இயல்பாக வாழும் பாக்டீரியா அது. குட்டை நீரிலுள்ள பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் வளர்த்து, பச்சைப் புள்ளி எத்தனை, மஞ்சள் புள்ளி எத்தனை என்று எண்ணுவது பண்ணை வழக்கம். பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வளரும். கொல்லும் பச்சையும் கொல்லாத பச்சையும் கண்ணுக்கு ஒன்றுதான்.

வேறுபாடு ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. கொல்லும் வகை மட்டும் சுமார் 70,000 எழுத்துகள் கொண்ட பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தைச் சுமக்கிறது. அதிலுள்ள பிர்-ஏ, பிர்-பி என்ற இரு மரபணுக்களே நஞ்சைச் செய்கின்றன. இந்த வளையம் வேறு விப்ரியோக்களிடமும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே பாக்டீரியாவின் பெயரைத் தேடிப் பயனில்லை. நஞ்சு மரபணுவைத்தான் தேட வேண்டும். பிசிஆர் என்னும் சோதனை அதைச் செய்கிறது: தேடும் துண்டு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பாக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும்.

இந்தியாவில் 2009 முதல் வெனாமி வகை இறால் வளர்ப்புக்கு அனுமதி உண்டு. இறக்குமதியாகும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதனை முடிந்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பொரிப்பகத் தொட்டியில் பின்னால் நுழையும் கிருமியை அது தடுக்காது.

எத்தனை குஞ்சைச் சோதிப்பது என்பதும் முக்கியம். நூற்றுக்கு இரண்டு குஞ்சில் நோய் இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 150 குஞ்சு வேண்டும். பத்துக் குஞ்சில் பார்த்த ‘இல்லை’ என்ற முடிவை நம்பிக் குட்டையை நிரப்புவது ஆபத்து.

குஞ்சு வாங்குவோர் ‘பிசிஆர் பார்த்தாச்சா’ என்பதோடு நிற்க வேண்டாம். எந்தத் தொட்டியில், எத்தனை குஞ்சில், எந்த மரபணுவுக்குப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.