செயற்கை மார்பகத்தை அகற்றும் அறுவை: ஏன்? எப்படி?

வடசென்னையில் வயது முதிர்ந்த ஒருவரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனை அது. இராயபுரத்து மருத்துவப் பள்ளியாக இருந்த அதன் கல்விக்கூடம் 1938-இல் கல்லூரியாயிற்று. துறைமுகத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் உழைப்போரும் இன்றும் நாடிச் செல்லும் இடம் அதுவே. பொறியில் சிக்கி நசுங்கிய கைகளைச் சீராக்குவதற்கென்றே 1970-களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி அங்கு ஒரு பிரிவை உருவாக்கினார். அதுவும் பிளாஸ்டிக் அறுவைத் துறையும் சேர்ந்து புகழ் பெற்றன.

இந்தத் துறைதான் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாளேடுகளில் பெரிதாகப் பேசப்பட்டது. மார்பகத்தின் அளவையும் வடிவையும் சீராக்கும் அறுவை மருத்துவம் அங்கு ஏழைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. "அழகுக்காக அரசுப் பணமா?" என்று சிலர் கேட்டனர். "பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கூடாது?" என்று வேறு சிலர் கேட்டனர். அந்த வாதம் நமக்கு இப்போது வேண்டாம். அதில் அதிகம் அடிபடாத வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் வைத்த செயற்கைப் பொருளை ஒருநாள் வெளியே எடுக்க நேர்ந்தால் என்ன செய்வார்கள்? அந்தப் பெண் எதை எதிர்பார்க்க வேண்டும்?

அழகுக்கு மட்டுமா?

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றவுடன் பிளாஸ்டிக் பொருளை உடலில் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 'வடிவம் கொடுத்தல்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இழந்த வடிவை மீட்பதே இத்துறையின் முதல் வேலை.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று மார்பகப் புற்றே. அதற்காக ஒரு மார்பகம் முழுவதையும் அகற்ற நேர்ந்த பெண்களில் சிலருக்கு, அந்த இடத்தில் சிலிகோன் பை ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்களுக்கும், தீக்காயத்தால் சிதைந்தவர்களுக்கும் இது உதவுகிறது. அழகு கருதி வைத்துக்கொள்வோரும் உண்டு.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புற்று நோய்க்காக ஒரு மார்பகத்தை இழந்தவர். செயற்கை மார்பகம் பொருத்தி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக அந்தப் பக்கம் கல்போல் இறுகி வலிக்கிறது. மகளிடம் சொல்லவும் கூச்சம். 'பழைய நோய் திரும்பிவிட்டதோ!' என்று இரவெல்லாம் உறக்கமில்லை. அவருக்கு என்ன நேர்ந்திருக்கக்கூடும்? இதை அறிய இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பொருளைப் பற்றியது. மற்றது உடலைப் பற்றியது.

கடற்கரை மணலும் சிலிகோனும்

இராயபுரத்துக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளுங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கன், ஆக்சிஜன் என்னும் இரு தனிமங்களின் சேர்க்கை. சிலிக்கன் வேறு, சிலிகோன் வேறு. மணலிலிருந்து பிரித்த சிலிக்கனையும் ஆக்சிஜனையும் மாறி மாறிக் கோத்து, பக்கவாட்டில் கரிமத் தொகுதிகளை இணைத்தால் நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறு கிடைக்கிறது. அதுவே சிலிகோன். சங்கிலி குட்டையாக இருந்தால் எண்ணெய். சங்கிலிகளை அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சிட்டால் கூழ். முடிச்சுகள் பெருகினால் ரப்பர்.

செயற்கை மார்பகத்தின் மேலுறை சிலிகோன் ரப்பர். உள்ளே இருப்பது சிலிகோன் கூழ், அல்லது உப்பு நீர். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்கள் முதன்முதலாகச் சிலிகோன் கூழ்ப் பையை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். சிலிகோன் வெப்பத்தாலும் நீராலும் எளிதில் கெடாது. உடலின் வேதிப்பொருள்களும் அதை எளிதில் சிதைப்பதில்லை. ஆனால் எளிதில் சிதையாத பொருளும் தேயும், மடியும், கிழியும். மூச்சு விடும்போதும் கையைத் தூக்கும்போதும் அந்தப் பை அசைந்துகொண்டே இருக்கிறது அல்லவா? ஆகவே அது ஆயுள் முழுதும் நிலைக்கும் பொருளன்று. அழகுக்காகப் பொருத்திக்கொண்டவர்களில் ஐவரில் ஒருவர் வரை எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்குள் அதை அகற்றிக்கொள்ள நேர்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கணித்துள்ளது.

உடல் கட்டும் மதில்

விரலில் முள் தைத்து உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகிறது? அதைச் சுற்றித் தடிப்பு ஏற்படுகிறது. அந்நியப் பொருளைக் கண்டதும் உடலின் விழுங்கணுக்கள் அதைத் தின்று தீர்க்க முயல்கின்றன. அளவில் பெரிய பொருளானால் தின்ன முடியாது. உடனே உடல் வேறு வழியைக் கையாள்கிறது. நார்த்திசு அணுக்கள் கொலாஜன் என்னும் புரத இழைகளை நெய்து, அந்தப் பொருளைச் சுற்றி ஓர் உறை கட்டிவிடுகின்றன. முத்துச்சிப்பி தன்னுள் புகுந்த அந்நியப் பொருளை மூடி முத்தாக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை மார்பகம் வைத்த ஒவ்வொருவருக்கும் இந்த உறை உண்டாகும். அது நோயன்று. பெரும்பாலோரிடம் மெல்லிய சவ்வுபோல் அமைதியாக இருந்துவிடும். சிலரிடம் மட்டும் அது தடித்துச் சுருங்குகிறது. சிறு அளவில் தொற்றிய நுண்ணுயிர்கள், கசிந்த குருதி, புற்று நோய்க்காகத் தரப்பட்ட கதிர்வீச்சு ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. சுருங்கும் உறை, முறுக்கிய துணி பழத்தைப் பிழிவதுபோல் உள்ளிருக்கும் பையை நெரிக்கிறது. மார்பகம் இறுகி, வடிவம் கெட்டு, வலிக்கிறது. மருத்துவர்கள் இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதற்படியில் தொட்டால் மென்மை. நான்காம் படியில் கடினம், உருமாற்றம், வலி. மூன்றாம், நான்காம் படிகளில் அறுவை தேவைப்படலாம்.

நாம் கற்பனை செய்த மீன்காரத் தாய்க்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்பது 'உறுதியாக' ஆகாது. அதனால்தான் சோதனை வேண்டும்.

வேறு எக்காரணங்களுக்காக அகற்றுகிறார்கள்?

*கிழிதல்*: உப்பு நீர்ப் பை கிழிந்தால் ஓரிரு நாளிலேயே மார்பகம் வற்றிவிடும், உப்பு நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிகோன் கூழ்ப் பை கிழிந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதனால் அறிகுறி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒரு முறையும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் காந்தப் படம் (எம்.ஆர்.ஐ.) அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கும்படி அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

*தொற்று*: சீழ் பிடித்து மருந்துக்கு அடங்காவிட்டால், பையை எடுத்தால்தான் புண் ஆறும்.

*ஓர் அரிய புற்று*: சொரசொரப்பான மேலுறை கொண்ட பைகளைச் சுற்றிய உறையில் மிகச் சிலருக்கு நிணநீர் அணுப் புற்று தோன்றுவது 2011-இல் கவனத்துக்கு வந்தது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக ஏற்றது. 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான 'பயோசெல்' வகைப் பைகளை உலகெங்கிலும் திரும்பப் பெற்றது. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்குவதே இதன் முக்கிய அடையாளம். தொடக்கத்திலேயே கண்டு, பையையும் உறையையும் முழுமையாக நீக்கினால் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

*பொருளின் கேடு*: பிரான்சு நாட்டில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளுக்கான சிலிகோனை நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 30,000 பிரெஞ்சுப் பெண்கள் அவற்றை அகற்றிக்கொள்ளும்படி 2011 டிசம்பரில் அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது. நிறுவனத் தலைவருக்கு 2013-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

*சொந்த விருப்பம்*: "இது எனக்கு இனி வேண்டாம்" என்று ஒரு பெண் முடிவு செய்வதும் போதிய காரணமே.

அறுவைக்கு முன்

பையைப் பொருத்தியபோது தந்த அட்டையைத் தேடி எடுங்கள். அதில் நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் இருக்கும். பலர் இதைத் தொலைத்துவிடுகிறார்கள். வீட்டுப் பத்திரத்தைப்போல் காக்க வேண்டிய தாள் அது.

குருதிச் சோதனை, இதய மின்வரைபடம், அல்ட்ராசவுண்ட் அல்லது காந்தப் படம் ஆகியவை எடுக்கப்படும். நீர் கோத்திருந்தால் ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; குருதியை இளக்கும் மாத்திரைகளை அவர் சொன்னால் மட்டுமே நிறுத்துங்கள். நீரிழிவு கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைப்பதையும் புகையிலை மெல்வதையும் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிடுவது இன்றியமையாதது. நிக்கோட்டின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கிவிடும். குருதி வராத தோல் ஆறாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உறையையும் எடுப்பீர்களா? எடுத்ததைத் திசுச் சோதனைக்கு அனுப்புவீர்களா? பிறகு என் மார்பு எப்படி இருக்கும்?

அறுவை அரங்கில்

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்தே இதைச் செய்கிறார்கள். பழைய தழும்பின் வழியாகவோ, மார்பகத்தின் அடி மடிப்பிலோ கீறுவார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம்.

செய்யும் முறைகள் மூன்று. முதலாவது, பையை மட்டும் எடுத்து மெல்லிய உறையை விட்டுவிடுவது; இது எளிது. இரண்டாவது, தடித்த உறையையும் உரித்து எடுப்பது. மூன்றாவது, பையும் உறையும் பிரியாமல் கட்டியை எடுப்பதுபோல் ஒரே தொகுதியாக எடுப்பது. புற்று உள்ளபோது இதுவே முறை. 'எல்லோருக்கும் மூன்றாவதே சிறந்தது' என்று எண்ண வேண்டாம். உறை விலா எலும்பை ஒட்டிக்கிடக்கும் இடத்தில் அதை வலிந்து உரித்தால் குருதிப் போக்கு மிகும்; அரிதாக நுரையீரலைச் சுற்றிய சவ்வும் கிழியலாம்.

தைத்து முடிக்கும்போது மெல்லிய வடிகுழாய் ஒன்றை வைப்பதுண்டு. காலியான இடத்தில் ஊறும் நீரும் குருதியும் அதன் வழியே வெளியேறும்.

வீட்டுக்கு வந்த பின்

வடிகுழாயில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து எழுதுங்கள். அது நன்கு குறைந்த பின், பொதுவாகச் சில நாட்களில், குழாயை எடுத்துவிடுவார்கள். முதல் வாரம் வலியும் வீக்கமும் இருக்கும். இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிய வேண்டும். மல்லாந்து படுக்க வேண்டும். மீன் கூடை, தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, இடுப்புக் குழந்தை, இவற்றை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தூக்கக் கூடாது. உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் இதுவே மிகக் கடினமான மருந்து! அந்த வாரங்களுக்கு வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள கசிவு, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வடிவத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுவோம். அழகுக்காகப் பை வைத்தவருக்கு, நீண்ட நாள் விரிந்திருந்த தோல் தொய்ந்து தெரியும். சில மாதங்களில் ஓரளவு சுருங்கும். புற்றுக்காக மார்பகத்தையே இழந்தவருக்கு அந்தப் பக்கம் தட்டையாகும். விரும்பினால் முதுகுத் தசையையோ, வயிற்றுக் கொழுப்பையும் தோலையுமோ கொண்டுவந்து சொந்தத் திசுவாலேயே மார்பகம் அமைக்கலாம். வேறு பை வைக்கலாம். ஒன்றுமே வைக்காமல் உள்ளாடையில் செயற்கை மார்பை அணிந்துகொள்ளலாம். தட்டையாகவே இருந்துவிடுவதிலும் இழிவொன்றும் இல்லை.

சில ஐயங்கள்

*உடல் சோர்வு, மூட்டுவலி எல்லாம் இந்தப் பையால் வருமா?* சிலிகோன் பை மூட்டு நோய்களை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 1999-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஆராய்ந்து கூறியது. ஆயினும் பல பெண்கள் சோர்வும் மறதியும் வந்ததாகவும், பையை எடுத்தபின் தேறியதாகவும் சொல்கிறார்கள். இதைக் கண்டறியத் தனிச் சோதனை எதுவும் இல்லை. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தைராய்டு, சோகை முதலிய பிற காரணங்களையும் தேட வேண்டும். உறையை முழுதும் எடுத்தவரும் எடுக்காதவரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியதாக 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

*அக்குளில் கட்டி தென்பட்டால் புற்று திரும்பிவிட்டதா?* அவசியம் சோதிக்க வேண்டும். ஆனால் கசிந்த சிலிகோன் நிணநீர்க் கணுக்களில் தேங்கியும் இப்படித் தோன்றலாம். திசுச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

*பை வலியின்றி நன்றாகவே இருக்கிறது. எடுத்துவிடலாமா?* அறிகுறி ஏதும் இல்லாதவர், சொரசொரப்பான வகையாக இருந்தாலும், அச்சத்தால் மட்டும் அகற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கண்காணிப்பே போதும்.

இப்போது நம் மீன்காரத் தாயிடம் திரும்புவோம். அவர் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று, 'புற்றுதான்' என்று தாமே முடிவு கட்டி ஒடுங்கிப்போவது. மற்றது, 'ஒன்றுமிருக்காது' என்று சேலைத் தலைப்பால் மூடி மறைத்துக்கொள்வது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: மார்பகத்தைப் பற்றிப் பேசக் கூச்சம். கை நசுங்கியவர் அதை மறைப்பதில்லை. ஓடோடி மருத்துவமனைக்குச் செல்கிறார். மார்பகமும் கையைப்போல் ஓர் உறுப்புத்தான். உங்கள் வீட்டில் இத்தகைய நிலையில் ஒருவர் இருந்தால், அவர் வாய் திறக்கும் வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது உடன் செல்லுங்கள்.