தீயில் தப்பிய முப்பது பிரதிகள்

பெர்லினில் எர்ன்ஸ்ட் வாஸ்முத் பதிப்பகம் 1910-11இல் வெளியிட்ட ஒரு புத்தகத்துக்காகப் பழைய நூல் சேர்ப்பவர்கள் இன்றும் ஏங்குகிறார்கள். அதைப் புத்தகம் என்பதே ஒரு வசதிக்குத்தான். இரண்டு பெரிய உறைகளுக்குள் தைக்கப்படாத நூறு படத்தாள்கள்; ஒவ்வொன்றும் சுமார் 64 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். மடியில் வைத்துப் புரட்ட முடியாது, மேசை வேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்டு ரைட் அதுவரை கட்டிய வீடுகளும் கட்ட நினைத்தவையும் அதில் இருக்கின்றன.

படங்களைத் தாங்கி நிற்பது கோடு. இத்தாலியில் ஃபிளாரன்ஸை ஒட்டிய ஃபியசோலேயில் ரைட்டின் மகன் லாய்டும் டெய்லர் வூலி என்ற இளைஞரும் பழைய வரைபடங்களை அச்சுக்காக மையால் மறுபடி வரைந்தார்கள். மூலப் படங்களில் பல, ரைட்டின் அலுவலகத்தில் வேலை பார்த்த மேரியன் மஹோனி வரைந்தவை. கட்டடத்தைச் சுற்றி அவர் படரவிட்ட கொடிகளிலும் இலைகளிலும் ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியத்தின் சாயல் தெரியும். அதற்கான பெயர் அவருக்குக் கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின, அநியாயம்தான்.

இத்தனை மெல்லிய கோடு அச்சில் எப்படி விழுந்தது? லித்தோ முறையில். 1790களின் பிற்பகுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது இது. இதில் எழுத்தைக் குடையவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைவார்கள். கொழுப்பு கல்லோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலம் கலந்த பிசின் கரைசலைப் பூசி, கல்லை ஈரமாக்குவார்கள். வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கோடு விழுந்த இடம் தள்ளிவிடும். எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டினால், மை கோட்டில் மட்டும் ஏறும். சிவகாசியில் இன்று ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களும் இந்த எண்ணெய்-தண்ணீர்ப் பகையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

லித்தோவுக்குப் பேர்போன கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில் கிடைத்தது. சலனமற்ற பழங்காலக் கடற்கழியில் படிந்த நுண்ணிய சேற்றால் ஆனது. மயிரிழைக் கோட்டைத் தாங்கும் அந்த நுண்மைதான், ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் இறகையும் சுமார் 15 கோடி ஆண்டுகள் வரி பிசகாமல் காத்துவைத்தது. 1861இல் அதை உலகுக்குக் காட்டியது அச்சுக்கல் வெட்டிய குவாரி!

அமெரிக்காவில் விற்க ரைட் வாங்கிய பிரதிகள் விஸ்கான்சினில் அவருடைய டாலியசின் வீட்டு நிலவறையில் இருந்தன. 1914 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வேலையாள் வீட்டுக்குத் தீ வைத்து ஏழு பேரைக் கொன்றான். நிலவறையிலிருந்த கட்டுகள் நாட்கணக்கில் புகைந்தன என்றும், முப்பது பிரதிகள்போல மிஞ்சின என்றும் சொல்வார்கள். காகிதம் அவ்வளவு மெதுவாகவா எரியும்? போகித் தீயில் பழைய நோட்டுக் கட்டைப் போட்டவர்களுக்குத் தெரியும்: ஓரம் கருகும், நடுத்தாள்கள் அப்படியே இருக்கும். நெருங்கி அடுக்கிய தாள்களுக்கிடையே காற்று புகாது. கருகிய மேற்பரப்பு வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

ஐரோப்பாவில் விற்ற பிரதிகள் அதற்குள் வேலையைக் காட்டிவிட்டன. பெர்லினில் கட்டடக் கலைஞர் பீட்டர் பேரன்ஸின் அலுவலகத்துக்கு இந்த உறைகள் வந்த அன்று வேலையே நின்றுபோனதாக ஒரு கதை உண்டு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளான குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோ, லெ கொர்பூசியே மூவரும் அந்தக் காலத்தையொட்டி அங்கே பணியாற்றியவர்கள் என்பது வரலாறு. ரைட்டின் வேலை தங்கள் தலைமுறையை எப்படி உலுக்கியது என்று மீஸே பின்னாளில் எழுதினார்.

மூலப் பிரதி நம் கைக்கு எட்டாது. ஆனால் டெய்லர் வூலியின் சொந்த ஊரான சால்ட் லேக் சிட்டியில், யூட்டா பல்கலைக்கழக நூலகம் படத்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திறந்தால், கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.