பலேர்மோ தெருக்களில் முடிந்த ஆட்சி

இத்தாலியின் சிசிலித் தீவில் நேப்பிள்ஸ் மன்னர்களின் ஆட்சி முடிய வழிவகுத்த போர், 1860 மே 27 முதல் 30 வரை பலேர்மோ நகரத்துக்குள் நடந்தது. துறைமுகத்தை ஒட்டிய வுச்சீரியா சந்தையும் அதைச் சூழ்ந்த குறுகிய சந்துகளும் கொண்ட பழைய நகரமே அதன் களம்.

சிசிலிக்கு நெடுங்காலமாகத் தனி மணிமுடியும் தனி நாடாளுமன்றமும் இருந்தன. 1816இல் நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் வம்ச மன்னர் பெர்டினாண்டு தீவை நேப்பிள்ஸுடன் இணைத்து, இரு சிசிலிகளின் இராச்சியத்தை அமைத்தார். சட்டப்படி சிசிலி ஒரு காலனி அல்ல. ஆனாலும் நேப்பிள்ஸிலிருந்து வந்த ஆணைகளையும் காவல் கெடுபிடியையும் மக்கள் அந்நிய ஆட்சியாகவே கண்டனர். 1820இலும் 1848இலும் எழுந்த கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்டன. 1848இல் மெசினா நகரைக் குண்டுவீசித் தகர்த்ததால், இரண்டாம் பெர்டினாண்டு மன்னருக்குக் ‘குண்டு ராஜா’ என்றே பெயர் வந்தது.

1860 ஏப்ரல் 4 அன்று, பிரான்செஸ்கோ ரீசோ என்ற குழாய்த் தொழிலாளியின் தலைமையில் பலேர்மோவின் கான்சா மடத்தில் கிளர்ச்சி வெடித்தது. அன்றே அது நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களில் கனல் அணையவில்லை.

அந்த நம்பிக்கையில்தான், இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய கரிபால்டி சுமார் ஆயிரம் தொண்டர்களுடன் மே 11 அன்று மார்சாலாவில் கரையிறங்கினார். பாரதியார் பாடிய இத்தாலிய விடுதலைத் தலைவர் மாஜினியின் இயக்கத்தில் இளமையிலேயே சேர்ந்தவர் அவர். மே 15 அன்று கலதாபிமியில் நேப்பிள்ஸ் அரசுப் படையை வென்றார். பலேர்மோவிலோ சுமார் 20,000 அரசு வீரர்கள் இருந்தனர். பீரங்கிகள் சிலவற்றைக் கொர்லியோனே பக்கம் அனுப்பி, தாம் உள்நாட்டுக்குப் பின்வாங்குவதுபோல் கரிபால்டி போக்குக் காட்டினார். அரசுத் தரப்புத் தளபதி வான் மெக்கெலின் சிறந்த படைப்பிரிவு அந்தப் பீரங்கிகளைத் துரத்திச் சென்றது.

மே 27 விடியலில் தொண்டர்களும் சிசிலி நாட்டுப்புற இளைஞர்களும் தெர்மினி வாயில் வழியாக நகருக்குள் நுழைந்து, வுச்சீரியாவுக்குத் தெற்கிலுள்ள பியெராவெக்கியா சதுக்கத்தை அடைந்தனர். தேவாலய மணிகள் ஒலித்தன. மக்கள் தெருவுக்குத் தெரு தடுப்பரண் எழுப்பினர். துறைமுகத்தருகே இருந்த காஸ்தெல்லாமரே கோட்டையும் போர்க்கப்பல்களும் நகரின் மீது குண்டு பொழிந்தன. வீடுகளும் மடங்களும் இடிந்தன. பொதுமக்கள் பலர் மாண்டனர். அழிவு மக்களின் சினத்தைக் கூட்டியதே தவிர, அவர்களைப் பணிய வைக்கவில்லை.

அரசுப் படையின் தலைமைத் தளபதி லான்சா எழுபதைக் கடந்த முதியவர். அவருடைய படை அரண்மனையிலும் கோட்டையிலுமாகப் பிரிந்து, ஒன்றோடொன்று தொடர்பற்று, உணவுத் தட்டுப்பாட்டில் சிக்கியது. மே 30 அன்று அவர் போர்நிறுத்தம் கோரினார். கொள்ளைக்காரன் என்று அரசு இகழ்ந்த கரிபால்டியை ‘மேதகு தளபதி’ என்று விளித்தே கடிதம் எழுதினார். அதே வேளையில் திரும்பி வந்து பியெராவெக்கியா வரை முன்னேறிய வான் மெக்கெலையும் லான்சாவின் ஆணையே தடுத்து நிறுத்தியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ஹானிபல்’ மீது பேச்சு நடந்தது. ஜூன் 6 அன்று சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதத்திலேயே அரசுப் படை நகரை விட்டுக் கப்பலேறியது.

ஜூலையில் மிலாத்சோ போரும் கரிபால்டிக்கு வெற்றியாக முடிந்தது. அக்டோபர் வாக்கெடுப்பில் சிசிலி இத்தாலியுடன் இணைந்தது. ஆனால் கட்டாய இராணுவச் சேவையும் புதிய வரிகளும் மக்களை மீண்டும் வாட்டின. 1866 செப்டம்பரில் பலேர்மோ மறுபடி கிளர்ந்தெழுந்தது. இம்முறை அதை ஒடுக்கியது இத்தாலியப் படை.